சாட்சியும் நீதிபதியும்

மனிதனுக்கு மிக அருகில் இருப்பது எதுவோ, அதைப் பற்றித்தான் அவனுக்கு மிகக் குறைவாகத் தெரிகிறது. எதிர்வீட்டுக்காரரின் வரவு செலவைக் காசு சுத்தமாகச் சொல்லுகிறவரிடம், "உங்கள் இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள்; விழிப்பார். இந்தக் குறையைத் தீர்க்கவே கருவிகள் வந்தன. நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிஷம் ஓடி நின்றுவிடும் கடிகாரத்தைப் பற்றி, ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில வைத்தியர் 1707-ல் ஒரு நூலே எழுதினார். இன்று பூங்காவில் காலையில் நடக்கிறவர்களில் சிலர் சட்டைக்குள் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அது இதயத்தின் துடிப்பை எண்ணி, மணிக்கட்டிலுள்ள கடிகாரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், 68 வயது, அப்படி ஒன்றை வாங்கினார். நடக்கும்போது துடிப்பு 120-க்கு மேல் போகக் கூடாது என்பது அவருடைய டாக்டரின் உத்தரவு. ஒரு நாள் நாலு தப்படி வைத்ததுமே கடிகாரம் 203 என்றது. மனிதர் அப்படியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கவில்லை, வலி இல்லை, மயக்கம் இல்லை. ஆனாலும் எண் சொல்லிவிட்டதே! அடுத்த கணம் அது 40 என்றது. பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.

விஷயம் சாதாரணமானது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மெல்லிய மின்சாரம் மார்பின் தோல்வரை வருகிறது. அதைப் பட்டை உணர்ந்து, இரண்டு துடிப்புக்கு நடுவிலுள்ள நேரத்தைக் கொண்டு கணக்குப் போடுகிறது. தோல் காய்ந்திருந்தாலும், பாட்டரி ஓய்ந்திருந்தாலும் கணக்குத் தடுமாறும். நண்பர் பட்டையை ஈரப்படுத்திக் கட்டிப் பார்த்தார், பயனில்லை. பாட்டரிதான் என்று தெரிந்தது.

அதை மாற்றுவது பெரிய வித்தையல்ல. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். 20 என்பது குறுக்களவு மில்லிமீட்டரில். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். அவருடைய பட்டையின் மூடியை ஒரு காசைக் கொண்டே திருகித் திறக்கலாம். வியர்வை உள்ளே இறங்காமல் காக்கும் மெல்லிய ரப்பர் வளையத்தை நழுவ விடாமல், கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து வைத்தால் வேலை முடிந்தது. முக்கியமான ஜாக்கிரதை அதற்குப் பிறகுதான். பழைய பாட்டரியை மேஜைமேல் போட்டு வைக்கக் கூடாது. பட்டைக்கு உதவாமல் போன அந்தச் சிறு காசு, ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் அதைப் புண்ணாக்கிவிடும். இரு பக்கமும் பிசின் நாடாவை ஒட்டிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, பழைய பாட்டரி வாங்குகிற இடத்தில் சேர்ப்பது நம் கடமை.

இந்த ஜாதிப் பாட்டரிக்கு ஒரு குணம் உண்டு. மனிதனைப் போல் மெல்ல மெல்லத் தளர்வதில்லை. கடைசிவரை ஏறக்குறைய அதே பலத்தோடு நின்றுவிட்டு, பிறகு சடக்கென்று சரிகிறது. நேற்றுவரை உண்மை பேசிய சாட்சி இன்று உளறுகிறது. ஆகவே, நேற்று அது சொன்னது சரி என்பதற்காக இன்றைக்கும் சரி என்று இருந்துவிட முடியாது.

ஆனால் நான் யோசிக்க நேர்ந்தது, புதுப் பாட்டரி போட்ட பிறகு நடந்ததைப் பற்றி. இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, நண்பருக்கு மார்பில் ஒரு பாரம். இடது தோளில் ஒரு பிடிப்பு. கடிகாரத்தைப் பார்த்தார்: 78. "ஒன்றுமில்லை, வாயுதான். எண் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். அவர் மனைவி அந்தக் கடிகாரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அது கிடக்கட்டும். உங்க முகம் நன்னா இல்லை. கிளம்புங்கோ" என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார். ரத்தக் குழாயில் அடைப்பு. உரிய நேரத்தில் போனதால் பிழைத்தார்.

இந்த முறை கருவி பொய் சொல்லவில்லை. 78 என்பது உண்மை. துடிப்பின் எண்ணிக்கை ஒழுங்காக இருக்கும்போதே மாரடைப்பு வரலாம். எத்தனை துடிப்பு என்று கேட்டதற்கு அது பதில் சொன்னது. நலமா என்ற கேள்வியை அதனிடம் கேட்டவர் நண்பர்.

அப்படியானால் கருவியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. "எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்" என்ற தன்னம்பிக்கையும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறது. உடம்பும் சில சமயம் பேசாமல் இருந்துவிடும். அன்புள்ளவர்களின் கண்ணும் தவறும். ஒரு சாட்சியும் பூரணமானதல்ல என்பதால்தான் எல்லாச் சாட்சிகளையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்கிற தவறு வேறு. தீர்ப்புச் சொல்லும் பாரம் நமக்குப் பிடிப்பதில்லை. அதை யாரிடமாவது, எதனிடமாவது இறக்கி வைக்கத் துடிக்கிறோம். முன்பு ஜாதகத்திடம் இறக்கினோம்; இப்போது எண்ணிடம் இறக்குகிறோம். பயப்பட வேண்டுமா, தைரியமாக இருக்க வேண்டுமா என்பதைக்கூட அதுவே சொல்லட்டும் என்கிறோம். சாட்சியை ஒழுங்காக வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. வேளையறிந்து பாட்டரி மாற்றுவது அதில் ஒரு பகுதி. ஆனால் புதுப் பாட்டரி போட்டதனால் சாட்சிக்குப் பேச்சு வருமே தவிர, நீதிபதியின் ஆசனம் வந்துவிடாது. அந்த ஆசனத்தில் நாமேதான் உட்கார வேண்டும்.