ஊர்ப்பணியும் சிவபுண்ணியமும்

புண்ணியம் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என இருவகைப்படும் என்பது சைவசித்தாந்த நூல்களின் துணிபு. 'யான் செய்கின்றேன், இதன் பயன் எனக்கு ஆகுக' என்னும் தற்போதத்தோடு செய்யும் நல்வினை பசுபுண்ணியம். சிவபெருமானை முன்னிட்டு, அவன் பணியென்னும் அன்பினாற் செய்வது சிவபுண்ணியம். முன்னது இன்பத்தைப் பயந்து, நுகர்ந்து தீர்ந்தபின் மீளவும் பிறவிக்கு ஏதுவாகும். பின்னது நுகர்ச்சியால் அழியாது மேன்மேல் வளர்ந்து, சரியை முதலிய படிகளிற் செலுத்தி, ஞானத்தைத் தந்து, வீட்டிற்கு ஏதுவாகும். தீவினை இரும்பு விலங்கு, நல்வினை பொன் விலங்கு என்று சான்றோர் கூறுவது பசுபுண்ணியத்தை நோக்கியே என்க.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சென்னையின் தென்புறத்திலே தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பம்மல் முதலிய ஊர்களில் வாழும் சைவர்க்கு இஃது இக்காலத்தில் ஒரு வினாவாகவே எழுந்துளது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு திருக்கோயில்களில் உழவாரப்பணி செய்யும் அடியார் கூட்டங்கள் பல. அதே கருவிகளைக் கொண்டு ஏரிக்கரையைத் துப்புரவு செய்வோரும், தெருவோரத்தில் மரம் வைப்போரும், சுவரொட்டிகளைக் களைந்து சுவரிற் சித்திரம் தீட்டுவோரும் பலர். 'கோயிலிற் புல் செதுக்குவதால் ஊருக்கு விளையும் பயன் யாது?' என்பர் ஒருசாரார். 'ஏரியைத் தூர்வாருதல் அரசினர் வேலை. அதனைச் சிவபுண்ணியம் என்றல் பொருந்தாது' என்பர் மற்றொருசாரார். ஒரு வாரத்திற் கிடைக்கும் ஓய்வுநாள் ஒன்றே. அதனை எதற்குச் செலவிடுவது என்பது ஆன்மலாபத்தைப் பற்றிய வினாவாதலின் ஆராய்தற்பாலதாயிற்று.

முதற்கண் அவ்வூர்ப்பணியின் வரலாறு சிறிது அறியத்தக்கது. தொண்டைநாடு, வற்றாத ஆறுகளை நம்பி வாழ்ந்த நாடன்று; மழைநீரைத் தேக்கும் ஏரிகளால் வாழ்ந்த நாடு. அவ்வேரிகள் தனித்தனியே கிடப்பனவல்ல. சிட்லபாக்கத்து ஏரியின் மிகைநீர் செம்பாக்கத்துக்குச் செல்லும். ஆண்டு நின்று நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஆகிய ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். அச்சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகம் போற்றும் ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி தூர்ந்தால் மேலுள்ள ஊர் மூழ்கும். கீழுள்ள ஏரி வறளும். வீடுகள் பெருகப் பெருக ஏரிகள் இடங்குறைந்தன, கழிவுநீர் புகுந்தது, ஆகாயத்தாமரை படர்ந்தது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பொழிந்தபோது, முடிச்சூர் முதலிய இடங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. மறுவருடம் டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலிற் சென்னையும் அதன் புறநகர்களும் எண்ணிறந்த மரங்களை இழந்தன. 2019 கோடையிலோ சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகளே வறண்டன. நான்கு ஆண்டுகளுக்குள் நீர் மிக்கு ஒரு துன்பம், நீர் இன்றி ஒரு துன்பம்.

இத்துன்பங்கண்டு இரங்கித் தாமே முன்வந்தோர் பலர். அவ்வறட்சிக் காலத்திற் 'சிட்லபாக்கம் ரைசிங்' என்னும் பெயரால் ஒன்றுகூடிய அவ்வூர் மக்கள் வார இறுதிநாட்களில் ஏரிக்குள் இறங்கிக் குப்பை அகற்றினர். அரசினரும் பின்னர் அவ்வேரியைச் சீர்ப்படுத்தக் 25 கோடி ரூபாய் ஒதுக்கினர். அதற்கும் முன்னரே, 1989இற் சென்னையில் எம். பி. நிர்மல் தோற்றுவித்த எக்ஸ்னோரா இயக்கத்தின் வழிநின்று, பம்மலிற் பெண்மணிகள் பலர் சேர்ந்து வீடுதோறும் குப்பையை வாங்கி, வகைபிரித்து, உரமாக்கி வந்தனர். தாம்பரத்தில் இன்று நிழல் செறிந்து விளங்கும் இடங்களுள் ஒன்று சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம். அக்கல்லூரி 1937இல் ஆண்டுக் குடிபுகுந்தபோது, வேதியியற் பேராசிரியராகிய எட்வர்ட் பார்ன்ஸ் என்பவர் மரங்களை வைத்து வளர்த்துப் பேணினார். 2021இல் அண்டை நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஒன்றிணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது; ஆயினும் இத்தகைய தொண்டர்க்குரிய வேலை ஒழிந்திலது.

இனி இப்பணியைச் சைவம் எவ்வாறு நோக்கும் என்பதை ஆராய்வாம். சரியையாகிய தாசமார்க்கம் இன்னதென விரிக்குமிடத்துச் சிவஞானசித்தியார், திருக்கோயிலைத் திருவலகிடுதல், மெழுகுதல், மலர்கொய்து மாலை தொடுத்தல், விளக்கிடுதல், நந்தவனம் வைத்தல், அடியாரைக் கண்டால் வணங்கி ஏவல் செய்தல் முதலியவற்றைக் கூறிற்று. ஈண்டு நந்தவனம் வைத்தலும் ஒன்றாதல் நோக்கத்தக்கது. மண் கொத்துதலும் நீர் இறைத்தலும் செடி பேணுதலும் வழிபாட்டுக்குப் புறம்பான கூலிவேலைகள் அல்ல என்பது இதனாற் பெறப்படும். திருப்புகலூரில் முருக நாயனார் முத்தி பெற்ற நெறியும் மலர்த்தொண்டே.

நீர்நிலைத் தொண்டுக்குத் தண்டியடிகள் வரலாறே போதிய சான்று. திருவாரூர்த் திருக்குளத்தின் ஒருபுறம் கட்டடங்கள் நெருங்கிக் குளம் இடங்குறைந்தது. பிறவியிலேயே கண்ணொளி இழந்த அவ்வடிகள், குளத்தின் நடுவே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணைத் தோண்டிக் கொணர்ந்து கொட்டினார். தடுத்தவர்கள் கருவிகளைப் பறித்தபோதும் அவர் தளர்ந்திலர். சேக்கிழார் பெருமான் இவரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துப் பாடியதற்கு ஏது, இவர் செய்த பெருந்தொண்டு இதுவே. எனவே தூர்வாருதல் தாழ்ந்த பணி என்றும், சிவனடியார்க்கு ஒவ்வாதது என்றும் கூறுவார் கூற்று நிரம்பாது.

அற்றேல், சிட்லபாக்கத்து ஏரியும் திருவாரூர்க் கமலாலயமும் ஒன்றாகுமோ எனின், ஆகா என்பதே நேர்மையான விடை. கமலாலயம் திருக்கோயிலைச் சார்ந்த தீர்த்தம். ஏரி உழவுக்கும் உணவுக்கும் அமைந்த நீர்நிலை. சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுமாறு விதித்ததேயன்றித் தெருவையும் ஏரியையும் அவ்வாறு விதித்திலது. எல்லாம் ஒன்றே எனக் கூறி, விதித்த வழிபாட்டைக் கைவிடுவார், வேரை வெட்டிவிட்டு இலைக்கு நீர் தெளிப்பாரை ஒப்பர். ஆயினும், நிலம், நீர், தீ, வளி, விசும்பு, ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் இறைவனுக்குத் திருமேனி என்பதும் நமது சமயக் கொள்கையே. ஆலயத்துள் அவனை வணங்கியவன் வெளிவந்து அவன் திருமேனியாகிய நீரிற் கழிவைக் கலக்கக் கண்டும் வாளாதிருப்பானாயின், அவன் வணங்கியது யாரை? ஆலய வழிபாடு வேர். ஊர்ப்பணி அவ்வேரிலிருந்து தழைக்கும் இலை. ஆகவே, பணி நிகழும் இடம் ஒன்றையே நோக்கிச் சிவபுண்ணியம், பசுபுண்ணியம் எனப் பகுத்தல் அமையாது. செய்வான் கருத்தை நோக்கிப் பகுத்தலே முறை. கோயிலுக்குள்ளும் பசுபுண்ணியம் நிகழலாம்; ஏரிக்கரையிலும் சிவபுண்ணியம் நிகழலாம்.

அக்கருத்தை அறிதற்குரிய அடையாளங்கள் சில உள. முதலாவது, பெயர். தெருவோரத்தில் மரக்கன்றைச் சுற்றி இரும்புக் கூண்டு நாட்டி, அதில் உபகரித்தவர் பெயரைப் பெரிதாக எழுதுவது வழக்கமாயிற்று. கன்று பட்டுப்போன பின்னும் கூண்டும் பெயரும் நிற்கும் இடங்கள் பல. கன்று பிழைத்து மரமானவிடத்தும் கூண்டைக் கழற்றுவாரின்றி இரும்பு மரத்தின் தோலை அறுக்கும். ஆணவத்துக்கு இதனினும் நல்ல உவமை தேடவேண்டா. காப்பாக வந்தது தானே தளையாகி வளர்வதனை இறுக்குகின்றது. திங்களூர் அப்பூதியடிகளோ, வழிநடையாளர் பொருட்டுத் தாம் வைத்த தண்ணீர்ப்பந்தரில், அதுவரை கண்ணாற் கண்டுமறியாத திருநாவுக்கரசர் பெயரையே எழுதினார். நும்முடைய பெயரை எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது யாது கருதியோ என்று நாவரசரே வந்து வினவியபோது, தம் ஆசிரியரை 'வேறொருவர்' என்றமை பொறாது வெகுண்டார். தம் பெயர் அங்கில்லாமை அவர்க்குக் குறையாகத் தோன்றவேயில்லை. அத்தண்ணீர்ப்பந்தர் கோயிலுக்குள் இருந்ததன்று; வழியிலிருந்தது. ஆயினும் அதனைப் பசுபுண்ணியம் என்பார் எவருமிலர்.

இரண்டாவது, இரண்டாம் ஆண்டு. கன்று நடும் நாளிற் கூட்டம் மிகும், படம் எடுப்பர், வாழ்த்துரை வழங்குவர். சித்திரை வெயிலிற் குடம் சுமந்து நீர் ஊற்றுவார் யார்? ஆடு மாடு கடியாமற் காப்பார் யார்? மண்ணுக்குரிய வேம்பும் புங்கும் பூவரசும் வைப்பதை விட்டு, விரைவிற் பூத்துக் கண்ணுக்கு இனிதாகும் அயல்நாட்டு மரங்களை வைத்ததன் விளைவும் வர்தா புயலிற் புலப்பட்டது. அத்தகைய மரங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. பயனை உடனே காண விழைதல் பசுபுண்ணியத்தின் இயல்பு. காணாவிடினும் நாடோறும் செய்தல் தொண்டின் இயல்பு. தண்டியடிகள் தாம் தோண்டும் குளத்தைத் தொண்டு செய்த நாளெல்லாம் கண்டிலர். கண்டுதான் செய்வேம் என்று அவர் இருந்திருப்பாரேல், ஒரு கூடை மண்ணும் அகன்றிராது.

மூன்றாவது அடையாளம் சைவ நன்மக்கள் தம்மையே வினவிக்கொள்ளற்குரியது. திருக்கோயிலிலிருந்து அகற்றிய குப்பை எங்கே செல்கின்றது? உழவாரப்பணியில் வாரிய வாடிய மாலைகளும், எண்ணெய் தோய்ந்த திரிகளும், திருநீற்றுப் பொட்டலத்து நெகிழித் தாள்களும், கற்பூரப் பெட்டிகளும் கோயிற் சுவருக்கு அப்பாலுள்ள கால்வாயிற் கொட்டப்படுமாயின், அக்கால்வாய் ஏரியை அடையும். ஏரி அடுத்த ஊரின் ஏரியை அடையும். இரசாயன வண்ணம் பூசிய விநாயகர் திருவுருவங்களை நீரிற் கரைப்பதும் இத்தகையதே. ஓரிடத்தைத் தூயதாக்கி மற்றோரிடத்தை மாசாக்குதல் தூய்மையன்று. மாசுக்கு இடம் மாற்றியதேயாம். மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் திருக்கோயிலைச் சோழர் எடுத்த காலத்தில் ஊரும் கோயிலும் ஏரியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கோயிலைப் பேணுவார் ஏரியை மறந்தால், அம்மூன்றன் தொடர்பும் அறும்.

தெய்வத் திருவுருவங்களைத் தெருச்சுவரில் எழுதும் வழக்கத்தையும் ஈண்டே எண்ணுதல் தகும். வழிப்போக்கர் சுவரடியில் அசுத்தம் செய்யாமைப்பொருட்டுச் சிவபெருமான் முதலிய திருவுருவங்களை வரைந்தும் பதித்தும் வைக்கின்றனர். கருத்து நன்றே. ஆனால் உலகெலாம் காக்கும் பெருமானை ஒரு சுவருக்குக் காவலாளாக நிறுத்துவது ஏவலைத் தலைகீழாக்குவதாம். பூசையின்றிப் புழுதி படிந்து, மழையில் நிறம் மங்கி, கீழே குப்பை குவிந்து கிடக்கும் அவ்வுருவங்களைக் காண்பார் நெஞ்சம் நோகும். பூவும் கொடியும் பறவையும் தீட்டி, அருகே கழிப்பிடம் ஒன்று அமைக்க முயல்வாரே இறைவனுக்கும் ஊருக்கும் ஒருங்கே மதிப்புச் செய்வார்.

இனி, 'ஏரியில் இறங்கும் தொண்டருட் பலர் சிவநாமம் சொல்லாதவர். சிலர் பிற சமயத்தார். சிலர் கடவுள் உண்டென்றே கொள்ளாதவர். அவர் வைத்த மரத்தின் நிழல் மட்டும் குறைவுபடுமோ?' என்று கடாவுவாரும் உளர். நிழல் சிறிதும் குறைவுபடாது. வெயிலில் வருவானுக்கு மரம் வைத்தான் கருத்து வேண்டுவதில்லை. அக்கருத்தின் வேறுபாடு வைத்தான் உயிர்க்கே பயன்படும். பிற சமயத்தார் தாம் வழிபடும் தெய்வத்தை நினைந்து செய்வனவற்றையும் அத்தெய்வமாக நின்று ஏற்றுப் பயன் தருபவன் சிவபெருமானே என்பது சித்தாந்தம். நினைவின்றிச் செய்தவற்றிலும் அபுத்திபூர்வச் சிவபுண்ணியம் என ஒன்று உண்டு. திருமறைக்காட்டிலே விளக்கின் நெய்யை உண்ண வந்த எலி, தன்னையறியாமல் திரியைத் தூண்டி, மறுபிறப்பில் மாவலியாயிற்று என்பது வரலாறு. அவ்வெலி பெற்றது அரசே, வீடன்று. ஆயினும் அரசு பெற்றதும் பொய்யன்று. அறியாது செய்தாரை இகழ்தல் சைவர்க்கு அழகன்று. அறிந்து செய்யும் பேறு பெற்றும் செய்யாதிருத்தலே இகழத்தக்கது.

எனவே, கோயிற்பணியா ஊர்ப்பணியா என்னும் வழக்கு, ஆராயுமிடத்து, ஓய்வதாகும். நாடோறும் சிவபூசையும் ஆலய வழிபாடும் செய்வோன், அவற்றால் இளகிய நெஞ்சினோடு ஏரிக்கரைக்குச் செல்வானாயின், அவன் எடுக்கும் ஒவ்வொரு கூடை மண்ணும் அவ்வழிபாட்டின் தொடர்ச்சியாம். பெயர் எழுதப்படாத மரத்துக்கு, பார்ப்பார் இல்லாத வேளையில், இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஒரு குடம் நீர் ஊற்றுவோன், தான் ஊற்றவில்லை, ஊற்றுவிக்கப்படுகின்றான் என்பதை உணரும் நிலைக்கு ஒரு படி அணியனாகின்றான். உயிர் பெறும் ஊதியம் அவ்வுணர்வே. ஊருக்குக் கிடைக்கும் நிழலும் நீரும் அவ்வூதியத்தோடு உடன் வருவன.

திருச்சிற்றம்பலம்.