மலைவழிபாடும் பருவமும்

கோயம்புத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில், தென்கயிலை எனப் போற்றப்படும் வெள்ளியங்கிரி உளது. பூண்டி அடிவாரத்தினின்று தொடங்கி ஏழு மலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 5,800 அடி உயரத்ததாகிய முடியில், பாறைகளினிடையே சுயம்புவாய் எழுந்தருளிய பெருமானைக் கண்டு, ஆண்டுத் தங்குதலின்றி ஒருநாளிலேயே இறங்கிவிடுதல் வழக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரையில் அடியார் ஏறுதற்கு வனத்துறையார் இசைவு தருகின்றனர். ஏனைய திங்களில் வழி அடைபட்டிருக்கும்.

"இங்ஙனம் அடைத்தல் வழிபாட்டிற்கு இடையூறன்றோ? அன்புடையானை மழையும் காற்றும் என்செய்யும்? மலைமேல் உயிர் நீங்கின் அதுவும் பேறேயன்றோ?" என வினவுவார் நம்மவருள் உளர். இவ்வினா எளிதிற் புறந்தள்ளற்பாலதன்று. 2024-ஆம் ஆண்டிலே, வழி திறந்திருந்த பருவத்திற்றானே, அடியார் சிலர் மூச்சுத்திணறியும் நெஞ்சு நொந்தும் அம்மலைவழியில் உயிர்நீத்தனர். அவர்தம் அன்பைக் குறைகூற வல்லார் யார்? ஆயினும் அச்செய்தியைக் கேட்டு, நல்ல சாவென்று கூறி அமைந்துவிடுதல் சித்தாந்தத்திற்கு ஒக்குமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் மலையின் இயல்பை அறிதல் வேண்டும். மாசித்திங்களிற் புல்வெளி காய்ந்து பழுப்பேறியிருக்கும், வானம் தெளிந்திருக்கும், இரவிற் குளிர் எலும்பைத் துளைக்கும். ஏறுவானுடைய மேனி வியர்வையால் நனையும். முடியை அணுகியவுடன் வீசுங் காற்று அந்நனைந்த துணியையே பனிக்கட்டியாக்கும். பங்குனியில் சுனைகள் சுருங்கும். காட்டுத்தீயின் அச்சமும் உண்டு. சித்திரையிற் காலைப்பொழுது கண்ணாடிபோல் விளங்க, பிற்பகலில் முகில் திரண்டு இடியும் மின்னலுமாகக் கோடைமழை இறங்கும். அப்பொழுது மரமற்ற புல்முகட்டில் நிற்பான் தானே அவ்விடத்து உயர்ந்த பொருளாகின்றான். வைகாசி கழிந்து தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிடின், வழுக்குப்பாறை தன் பெயரை மெய்ப்பிக்கும். கைத்தடியாகிய மூங்கிலும் ஊன்ற இடங்காணாது. பத்தடிக்கு அப்பாற் செல்வான் யாவனெனத் தெரியாது. யானைகள் இயங்கும் காடு அதுவென்பதையும் மறத்தலாகாது. ஏறுவதினும் இறங்குவதே முழங்காலுக்குக் கொடிது என்பதை இளையோர் அறியார்; எம்போல் அறுபது கடந்தார் நன்கறிவர்.

இடையே ஒன்று. இவ்வேழு மலையும் உடம்பினுள் ஏழு ஆதாரங்களாம் எனச் சிலர் விரித்துரைக்கின்றனர். நம் நூல்கள் கூறும் ஆதாரம் ஆறே. ஏழாவதற்கு வேறொன்றை ஈர்த்துக்கொணர்ந்து எண்ணை நிரப்ப வேண்டியிருக்கிறது. எண் ஒத்தமையாற் பொருளும் ஒத்ததெனல் ஆராய்ச்சியன்று.

இனி வினாவிற்கு வருவாம். தனு கரண புவன போகங்களை இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து உயிர்க்கு அளித்தது, ஆணவவிருளிற் கிடக்கும் அவ்வுயிர் அறிவுவிளங்கப் பெறுதற்பொருட்டு. உடம்பு அதற்கு விடியுமளவும் பயன்படும் விளக்கெனக் கொள்ளப்படும். விளக்கே சூரியனென்று மயங்குதல் ஒரு குற்றம். விடியல் அணித்தென்று தானே முடிவுகட்டிக் கையிலுள்ள விளக்கைப் பெருங்காற்றிற் கொண்டுபோய் அவித்தல் மற்றொரு குற்றம். விடியல் எப்பொழுதென்பது விளக்கேந்தினான் வகுப்பதன்று.

அற்றேல், கண்ணப்பர் கண்ணையே இடந்து அப்பினரே எனின், அது தாம் காணவேண்டி இழந்ததன்று. பெருமான் கண்ணிற் குருதிகண்டு ஆற்றாது செய்தது. இரண்டாவது கண்ணை இடக்குமுன் அவர் கையைத் தடுத்தவனும் அப்பெருமானே. நாம் மலையேறுவது நாம் காண்பதற்காக. இவ்விரண்டையும் ஒன்றாக்கல் பொருந்தாது.

வலிய தடை திருநாவுக்கரசர் வரலாற்றால் எழுவதாகும். கயிலை காணச் சென்றவர் கால்தேய நடந்து, கைதேயத் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, உடம்பு முழுதும் சிதையப் புரண்டு கிடந்த வரலாற்றைச் சேக்கிழார் கூறுகின்றார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிடரால் அடையலாகாது, மீள்க என்றபோதும் அவர் மீள இசைந்திலர். இதனைக் காட்டி, மீளாமையே அடியார் நெறி என்பர். அவர்கள் அவ்வரலாற்றை இடையிலே நிறுத்திவிடுகின்றனர். மேல் நிகழ்ந்தது யாது? இறைவன் அவர் உறுதியைக் கண்டு அவ்வுடம்பை அங்கே வீழவிட்டானல்லன். சிதைந்த உறுப்பெல்லாம் செம்மையுற எழச் செய்தான். எழுந்தவரை மேலும் வடக்கே விடுத்தானுமல்லன். ஆங்கிருந்த தடாகத்தில் மூழ்குவித்துத் திருவையாற்றுத் தடாகத்தில் எழச்செய்து, அவ்விடத்திலேயே கயிலைக்காட்சி காட்டினான். அவரினும் மிக்க அன்பு யார்க்கு உண்டு? அவ்வன்பிற்கும் இறைவன் அளித்தது மலைமேற் சாவன்று. உடம்பும், சமவெளியிற் காட்சியுமாம். இதனை நோக்க, முகில் கவிந்தவிடத்துத் திரும்பினான் அன்பிற் குறைந்தானெனக் கூற நமக்கு இடனுண்டோ?

முடியை முகில் மறைத்தல் கண்டு வருந்துவாரும் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்றென்பதை எண்ணுக. திரோதாயி மலத்தோடு எண்ணப்படினும், மலம் முதிர்தற்பொருட்டு உடனின்று தொழிற்படும் அருட்சத்தியே அது. காட்டாதிருத்தலும் அவன் செய்வதே. ஆனி ஆடி மாதங்களில் அம்முடியிற் பூசைக்கு அடியார் இலரே என்று இரங்கவும் வேண்டா. மழையும் முகிலும் ஓயாது திருமுழுக்காட்டிக் கொண்டிருக்கின்றன.

திருவண்ணாமலையில் 2024 டிசம்பர்த் தொடக்கத்திற் புயல்மழையால் மண்சரிந்து ஏழுயிர் மாண்டன. அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று, டிசம்பர் 13-இல், அடியார் மலையேற இசைவு தரப்படவில்லை. பணிசெய்வார் மட்டுமே கொப்பரையோடும் நெய்யோடும் ஏறினர். தீபம் வழக்கம்போல் 2,668 அடி உயரத்து முடியில் ஏற்றப்பெற்றது. அதனைக் கீழ்நின்று கைகுவித்தார்க்குக் காட்சி குறைந்ததென எந்நூல் கூறும்?

வெள்ளியங்கிரிக்குச் செல்வார் மாசி பங்குனியில், உடம்பு இடங்கொடுப்பின், செல்க. இதயநோயும் மூச்சிரைப்பும் உடையார் பூண்டியிலேயே ஆண்டவனையும் மனோன்மணியம்மையையும் வழிபட்டு மீள்க. தென்மேற்குக் காற்று உரத்து வீசி அம்மலைவழி அடைபட்டுக் கிடக்கும் ஆடியமாவாசையன்றே, திருவையாற்றில் அப்பர் பெருமான் கயிலை கண்ட திருவிழா ஆண்டுதோறும் நிகழ்கின்றது. அங்கே ஏறுதற்கு மலையில்லை. காவிரிக்கரையிற் கூடிய கூட்டமே உளது.