உரம் பெற்ற உடல் எதற்காக?

உடலைப் பேணுதல் கடமை என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. மருத்துவ மேதை இப்னு சீனா, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘அல் கானூன்’ நூலில் நலவாழ்வுக்குரிய ஒழுங்கைச் சொல்லப் புகுந்தபோது, உடற்பயிற்சியை முதலில் வைத்தார். உணவையும் உறக்கத்தையும் அதன் பின்னரே வைத்தார். சுபுஹுத் தொழுகை முடித்து நடக்கச் செல்லும் பெரியவர்களையும், மாலையில் உடற்பயிற்சிக் கூடத்தை நாடும் இளைஞர்களையும் நம் ஊர்களில் காணும்போது உள்ளம் மகிழ்கிறது.

ஆனால், அவர்களுள் பலரிடம் அண்மையில் படித்த நூல் எதுவென்று கேட்டால், “நேரம் எங்கே இருக்கிறது?” என்ற விடையே வருகிறது. இந்த விடையைச் சற்றே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாரத்துக்கு 168 மணி நேரம். உறக்கத்துக்கு 56, பிழைப்புக்கும் போக்குவரத்துக்கும் 60 என்று தாராளமாகவே கழித்தாலும் 52 மணி நேரம் எஞ்சுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. விரைவு நடையே போதும். அதாவது, உடல் நம்மிடம் கேட்பது இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரைதான்! எஞ்சியதைத் தின்பது பயிற்சியன்று; பயிற்சியைச் சூழ்ந்துள்ள ஆரவாரம். கண்ணாடி முன் நிற்பதும், காலடிகளை எண்ணிப் பிறரோடு ஒப்பிடுவதும், புஜம் பெருக்கும் வித்தைகளைக் கைபேசியில் மணிக்கணக்கில் பார்த்திருப்பதும் எந்தத் தசையையும் வளர்ப்பதில்லை.

ரோஜர் பானிஸ்டர் என்ற ஆங்கிலேயரை இங்கு நினைவுகூர்வோம். 1954 மே 6 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில், ஒரு மைல் தொலைவை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தவர் அவர். நான்கு நிமிடத்துக்குள் அத்தொலைவை ஓடிய முதல் மனிதர். அப்போது அவர் லண்டனில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தார். நண்பகல் உணவு இடைவேளையில் கிடைத்த அரை மணி அளவே அவருடைய அன்றாடப் பயிற்சி. சாதனை நிகழ்ந்த அன்றும் முற்பகலில் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டே ரயிலேறினார். உடலுக்கு அவர் குறைவாகக் கொடுத்தார் என்று சொல்ல முடியுமா? கொடுத்ததை முழுமையாகக் கொடுத்தார். அதற்கு ஒரு வரம்பும் கட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் போட்டி ஓட்டத்தையே விட்டு விலகி, நரம்பியல் மருத்துவரானார்.

1975இல் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கணுக்கால் நொறுங்கியது. அதன்பின் அவரால் ஓட இயலவில்லை. ஓட்டத்தையே வாழ்வின் முழுப்பொருளாகக் கொண்டிருந்தால், நாற்பத்தாறு வயதில் அந்த மனிதரிடம் எஞ்சியிருப்பது என்ன? அவரிடமோ ஆய்வு இருந்தது, நோயாளிகள் இருந்தனர், எழுத வேண்டிய மருத்துவ நூல்கள் இருந்தன. 2018இல் தம் 88ஆம் வயதில் மறையும்வரை, ஓடிய கால்களைவிட நரம்பியலில் செய்த பணியையே அவர் பெரிதாக மதித்தார்.

பானிஸ்டருக்கு ஒரு வசதி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1954இல் அவருக்கு மணமாகவில்லை. அவருடைய அரை மணி அவருக்கே உரியது. குடும்பத்தாராகிய நம் நிலை அதுவன்று. நாம் ‘ஒதுக்கிய’ மணி நேரம் பெரும்பாலும் வேறொருவரிடமிருந்து எடுத்ததாகவே இருக்கிறது. கணவர் நடந்து திரும்புவதற்குள் பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவர் யார்? இரவில் அவர் நூலை விரிக்கும்போது அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர் யார்? அவருக்கும் அதே 168 மணி நேரம்தான். அவருக்கும் மூட்டுவலி வரும். அவருக்கும் திருமணத்தோடு நின்றுபோன படிப்பொன்று இருக்கும். வாரத்தில் மூன்று காலைகள் பிள்ளைகளை நாம் ஏற்றுக்கொண்டு, அவரை நடக்கவோ படிக்கவோ விட்டால் நம் பயிற்சி எவ்வளவு குறைந்துவிடும்? மேற்சொன்ன கணக்கின்படி, எஞ்சிய நான்கு காலைகளே நம் உடலுக்குப் போதுமானவை.