குறையை யாரிடம் உரைப்பது?

குறையை உரைத்தல் நன்று. யாரிடம் உரைப்பது என்பதே அறத்தின் வினா. தம்பின் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நாளில், கத்தி ஆழப் பாய்ந்தால் பட்டை காயமுறும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். அதனைச் சீவியவரிடம் மரத்தடியிலேயே காட்டினால் கை திருந்தும். பெரட்டுக்களத்தில் பலர்முன் கூவினாலோ நாணமே மிஞ்சும்.

கணினி உலகும் இதனைக் கற்க நேர்ந்தது. 1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல் பிழைபட்டால், இண்டர்நெட் எக்ஸ்புளோரரின் பழைய பதிப்புகள் வரி எண்ணோடு ஓர் அறிவிப்பைப் பயனர்முன் நீட்டின. திருத்த இயலாதவருக்கு எரிச்சல். திருத்த வல்லவருக்கோ செய்தியே எட்டவில்லை. பின்னர் உலாவிகள் பிழையைத் திரைக்குப் பின்னே பதிந்து வைத்தன. எரிச்சல் நீங்கிற்று, ஆனால் பயனரின் கணினியிலேயே புதைந்த குறையை எவர் களைவார்?

ஆகவே, பிழை நேர்ந்த இடத்தை நிரலே தன்னை ஆக்கியோனுக்கு ஓசையின்றி அனுப்புதல் முறை. அச்செய்தியில் பயனரின் கடவுச்சொல்லோ அந்தரங்கமோ கலத்தல் ஆகாது. அவர் அனுப்பிய விண்ணப்பம் போய்ச் சேரவில்லையெனில், அதனை மட்டும் எளிய சொல்லில் அவருக்கு உரைத்தல் வேண்டும்; அங்கே மௌனம் பொய்யாகிவிடும்.

திருத்த வல்லார் செவியைச் சேராத குறை, சொல்லியும் சொல்லாததே.