தனித்து வாழ்வோருக்கும் பாசம் வேண்டும்

பாசத்தின் தேவை எல்லா வயதினருக்கும் உண்டு; மணமாகாதவர், துணையை இழந்தவர், பிரிந்து வாழ்பவர் எவருக்கும் அது குறைவதில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ, தாயைப் பிரித்த குரங்குக் குட்டிகளின் முன் இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். பால் கம்பிப் பொம்மையிடம் கிடைத்தபோதும், குட்டிகள் பெரும்பொழுதைத் துணி போர்த்திய பொம்மையைக் கட்டிக்கொண்டே கழித்தன. அணைப்பின் தேவை பசியிலிருந்து வேறானது என்பதை அது காட்டியது.

தனிமை இருவகைப்படும் என்று சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் எழுதினார். பழகுவதற்கு ஆட்கள் இல்லாதது ஒன்று. மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாதது மற்றொன்று. ஒன்றின் குறையை மற்றது தீர்க்காது.

இந்த வேறுபாட்டை இலங்கையின் கொடகவெலயைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் போன்ற இடங்களில் தெளிவாக உணரலாம். லயத்தில் தனியாக இருப்பவருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கும். அப்படியும் அன்றைய கவலையைச் சொல்ல ஆளின்றிப் போகலாம். மலையகத்தில் இந்த நிலைக்கு வரலாற்றுக் காரணங்களும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. உடன்பிறந்தோர் பலர் கடலின் இரு கரைகளில் பிரிந்தனர். பிற்காலத்தில் கொழும்புக் கடைகளும் மத்திய கிழக்கு வீட்டு வேலையும் பிள்ளைகளையும் தாய்மாரையும் அழைத்துக்கொண்டன.

மனம்விட்டுப் பேச ஆளில்லாத குறையைத் தீர்க்க முதலில் வேண்டியது நம்பிக்கைக்குரிய ஓரிருவர். கொழுந்து பறிக்கும் நிரையில் பக்கத்தில் நிற்கும் தோழியோ, தொலைவிலிருக்கும் தங்கையோ அவ்விடத்தை நிரப்பலாம். ஆபத்து வேளையில் மட்டும் தேடாமல், கிழமைக்கு ஒருநாளாவது தவறாமல் பேசும்போதே அந்த உறவு வேர்விடும்.

அடுத்தது தொடுகை. மெதுவான வருடலுக்கு இசைந்து செயல்படும் நரம்பிழைகள் தோலில் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை நன்கு தூண்டப்படுகின்றன. இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துத் தலைவாருவது தரும் ஆறுதலுக்கு உடலிலேயே இப்படி ஓர் அடிப்படை இருக்கிறது.

பாசத்தைப் பெறுவதைப் போலவே கொடுப்பதும் மனிதத் தேவை. அக்கா பிள்ளையை வளர்ப்பதும், மாலையில் பக்கத்துக் காம்பராச் சிறுவருக்குப் பாடம் சொல்வதும் தனித்து வாழ்பவரை இன்னொருவருக்கு வேண்டியவராக்குகின்றன. கோயில் திருவிழாவும் மரண உதவிச் சங்கமும் பழகும் வட்டத்தை விரிக்கும். ஆனால் நெருக்கத்தை அதற்கு வேறாகத் தேட வேண்டும்.

எச்சரிக்கையும் தேவை. முழுப் பாரத்தையும் ஒருவர் மேல் ஏற்றினால் அவர் களைத்துவிடுவார். அன்பைக் காட்டி ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கேட்பவரிடம் விலகியிருப்பது நல்லது.

ஊருக்கும் இதில் பொறுப்புண்டு. தனித்து வாழும் பெண் எவருடன் பேசினாலும் கதை கட்டும் வழக்கம், அவருக்கு எஞ்சிய ஆறுதலையும் பறிக்கிறது. கல்யாண வீட்டு வேலைக்கு அவரை அழைப்பவர்கள், விசேஷம் எதுவுமில்லாத நாளிலும் தேத்தண்ணிக்கு அழைக்க வேண்டும்.