பிழைத்திருந்தவரின் நிறைவு

முதியோர் தம் கடந்த வாழ்வைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் அன்று, இறுதி நெருங்குவதை உணர்ந்த மனம் இயல்பாகவே மேற்கொள்ளும் வேலை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ரொபேட் பட்லர் 1963 இல் எழுதினார். 'வாழ்க்கை மீள்பார்வை' எனப்படும் இச்செயல், தீராமல் கிடந்த பிணக்குகளை மீண்டும் எதிர்கொண்டு, நடந்து முடிந்தவற்றோடு ஒருவர் தம்மைப் பொருத்திக்கொள்வதைக் குறிக்கும். அதன் முடிவில் பிறக்கும் மனநிறைவு உடல்நலத்துக்கு நல்லதா என்பது மருத்துவ வினா; அந்நிறைவு நியாயமானதா என்பது அறவியல் வினா. திருகோணமலை போன்றதோர் ஊரில் இரண்டாவது வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது.

இவ்வூரில் இன்று தொண்ணூறைச் சில ஆண்டுகள் தாண்டிய ஒருவர், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியபோது சிறுபிள்ளை. 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தபோது அவருக்கு உழைக்கும் வயது; டொக்யாட்டை நம்பி உலைவைத்த குடும்பங்கள் பல அவ்வாண்டோடு திகைத்து நின்றன. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளரைப் பதவியாவில் குடியேற்ற அரசு எண்ணியதும், அதற்கெதிராக மூண்ட சினமும் 1958 வன்செயலின் காரணங்களுள் சேர்ந்தன. பின்னர் 1964 டிசம்பர்ப் புயல், 1983, 1990 ஆண்டுகளின் வன்செயல்கள், 2004 ஆழிப்பேரலை, 2006 இல் மூதூரையும் சம்பூரையும் வெறுமையாக்கிய போர். ஆயினும் வாழ்வைச் சொல்லக் கேட்டால் அவர் இவ்வரிசையில் சொல்வது அரிது. மூத்த மகளின் கலியாணம், அடகிலிருந்து மீட்ட தோடு, 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச்சென்ற 'பாதை' என்னும் மிதவைக்காகக் காத்திருந்த பொழுதுகள் என்றே அவர் கதை நகரும். வரலாற்றாசிரியருக்கு இவை சில்லறை. வாழ்ந்தவருக்கு இவையே முதல். இத்தகைய ஊரில் சாதாரண வாழ்வு தானாக வாய்ப்பதன்று, கலைக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டப்பட்டது என்பதால், அதைக் காத்த உழைப்பைக் குறைத்து மதிப்பது தவறு.

சிக்கல் அடுத்த படியில் எழுகிறது. ஒரே தெருவில் ஒரே ஒழுக்கத்தோடு வாழ்ந்த இருவரில் ஒருவர் வீடிழந்து கடல்கடந்து தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் முதுமையடைந்தார், மற்றவர் தம் வீட்டு விறாந்தையிலேயே பேரப்பிள்ளைகளைக் கண்டார் என்று கொண்டால், வேறுபாடு அவர்தம் குணத்தில் இல்லை. ஒருவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை அவர்மீதான அறமதிப்பீட்டையே மாற்றிவிடும் இந்நிலையை மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ் 1976 இல் 'ஒழுக்க நல்வாய்ப்பு' என்ற பெயரில் விவாதத்துக்குக் கொண்டுவந்தார். தமிழ் மரபு இதை முன்னரே வேறுவகையில் அறிந்திருந்தது. ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாமைக்குப் பிசிராந்தையார் புறநானூற்றின் 191 ஆம் பாடலில் கூறும் காரணங்களுள் அவருடைய சொந்தச் சாதனை என்று எதுவும் இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், ஊர்ச் சான்றோர் ஆகியோரோடு தீமை செய்யாத வேந்தனும் அப்பட்டியலில் இடம்பெறுகிறான். அந்த வேந்தன் பல பத்தாண்டுகள் வாய்க்காத ஊரில் ஒருவர் நிறைவோடு முடிவை நெருங்கினால், அந்நிறைவு நல்லொழுக்கத்துக்குக் கிடைத்த கூலி ஆகாது. நிறைவு கொள்வதில் பிழையில்லை. தாம் ஒழுங்காக நடந்ததால் தப்பியதாகக் கருதுவதே பிழை, ஏனெனில் அக்கூற்றின் மறுபக்கம் தப்பாதவரைக் குற்றவாளி ஆக்குகிறது.

மௌனத்தை எடைபோடுவது இதனினும் கடினம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இம்மாவட்டத்தில், அயல்வீடு எரிந்த இரவில் கதவைப் பூட்டிக்கொண்டவர் மூன்று சமூகங்களிலும் உண்டு. ஆயுதம் ஏந்திய கும்பலைத் தனியொருவர் தடுத்திருக்க வேண்டும் என்று கேட்பது அறத்தின் பெயரால் செய்யும் கொடுமை. பாதுகாப்பான நாட்டில் அமர்ந்துகொண்டு அதைக் கேட்பவர்களுக்கு அந்த உரிமை இன்னும் குறைவு. ஆனால் மறுநாள் காலை சோற்றுப் பார்சலோடு போனாரா, விட்டுச்சென்ற காணியின் எல்லை வேலியை நகர்த்தாமல் இருந்தாரா என்பவை அவர் கைக்கு எட்டியவை. அச்சத்தில் பேசாதிருந்ததை மன்னிக்கலாம். அச்சம் விலகிய பின்னும் பேரப்பிள்ளைகளிடம் மாற்றிச் சொன்ன கதையை அவ்வளவு எளிதில் மன்னிக்க முடியாது.

மீள்பார்வை என்பது வெறும் எண்ணமாக நின்றுவிடாமல் செயலாகக்கூடிய இடமும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் இக்கதையே. ஈழத்தமிழர் வழக்கில், ஒருவர் இறந்து 31 ஆம் நாள் கிரியையின்போது, பிறப்பு, படிப்பு, தொழில், மணம், மக்கள் ஆகியவற்றைத் தேவாரத்தோடு சேர்த்து அச்சிட்ட 'கல்வெட்டு' என்னும் சிறுநூல் வந்தோர் கையில் கொடுக்கப்படும். சாதாரண வாழ்வுக்குக் கிடைக்கும் ஒரே எழுத்துச் சான்று பெரும்பாலும் அதுதான், அதை எழுதுபவரோ பிள்ளைகள் அல்லது ஊர்ப் புலவர். எரிந்த அயல்வீட்டில் இருந்தவர் யார், அவர்கள் எங்கே போனார்கள், தம் வீடு தப்பியது எதனால் என்பவற்றைப் பெரியவர் உயிரோடிருக்கும்போதே சொல்லிவைக்காவிட்டால், இறையருளாலும் நேர்மையாலும் இடர்களைக் கடந்தவர் என்ற வழக்கமான வரியே அவருடைய கல்வெட்டிலும் அச்சேறும்.