செம்பும் அடியும்

செம்பைக் கடினமாக்க நெருப்பு உதவாது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் எஃகு விறைக்கும், செம்பு இளகிப்போகும். இரும்போடு மட்டுமே பழகிய கை என்னுடையது. காலடிப்பேட்டைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கிய எட்டாம் நம்பர் எர்த் கம்பியைப் பழுக்க வைத்துத் தோய்த்துக்கொண்டிருந்தேன். (காலெட் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு கவர்னரின் பெயர் ஜனங்களின் நாக்கில் அடிபட்டுக் காலடியாயிற்று.) பக்கத்து மோட்டார் வைண்டிங் கடைக்காரர் பார்த்துவிட்டு, 'அண்ணே, இது இரும்பு இல்ல. காய்ச்சினா எளகிடும். தட்டுனாத்தான் கெட்டிப்படும்' என்றார்.

கம்பி எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். கல்லின் விளிம்பில் ஒரு முனையை வைத்து அழுத்திச் சில்லுப் பெயர்க்கிற பழைய வித்தையைச் செய்துபார்க்க ஆசை. எங்களுக்கு வடக்கே, எண்ணூரில் கடல் சேர்கிற கொசஸ்தலை ஆற்றின் படுகையில், அத்திரம்பாக்கத்தில், 1863-ல் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டார்கள். அங்குள்ள பழையவை 15 லட்சம் வருஷத்தவை என்று சாந்தி பப்புவின் குழு 2011-ல் அறிவித்தது. அந்த மனிதர்களிடம் செம்பு கிடையாது. கல்லைக் கல்லால் அடித்தார்கள். செம்புமுனை, இன்று இதைப் பயில்கிறவர்கள் மான்கொம்புக்குப் பதிலாக வைத்துக்கொள்வது. சக்கிமுக்கிக் கல் எனக்குக் கிடைக்கவில்லை. சோடா பாட்டிலின் அடிப்பாகம் கிடைத்தது. உடைகிற விதத்தில் இரண்டும் ஒரே ஜாதி.

தண்டவாளத் துண்டின் மேல் வைத்துக் கம்பியைச் சூடில்லாமல் தட்டினேன். தட்டாத முனை கண்ணாடியில் அழுத்தியதும் வளைந்தது. தட்டிய முனை நின்றது. நின்றது மட்டுமல்ல, கண்ணாடி விளிம்பு அதைச் சற்றே கடித்துப் பிடித்துக்கொண்டது; அந்தக் கடிக்கு இடம்கொடுக்காத உலோகம் வழுக்கிவிடும். மீன் செதில்போல ஒரு சில்லு விழுந்தது. பேராசையில் மேலும் தட்டினேன். முனை வெடித்தது.

பதினாலு வயதில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். மேஸ்திரி ஸ்பானரால் முட்டியில் அடிப்பார். அந்த அடிதான் என்னை மனுஷனாக்கியது என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிக்கொண்டே, என்னிடம் தொழில் பழக வந்த பையன் மேல் கைவைத்தும் இருக்கிறேன். செம்பைக் காட்டி இதை நியாயப்படுத்துவது சுலபம். உவமையை இறுதிவரை பின்தொடர்ந்தால்தான் சங்கடம். அடி செம்புக்குள் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. படிகங்களுக்குள் வரிசை பிசகிய இடங்கள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அணுக்கள் நழுவ வழி இல்லாமல் போகிறது. நாம் உறுதி என்று மெச்சுவது இந்த நகர முடியாமையைத்தான். வளைந்துகொடுக்கும் சக்தியைச் செலவழித்து வாங்கிய உறுதி. கையிருப்புத் தீர்ந்த இடத்தில் வெடிப்பு.

அப்படியானால் அடிபடாத செம்பே மேலா? அதனால் ஒரு சில்லைப் பெயர்க்க முடியவில்லையே. என் விசாரணை இங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குத் தெரிகிற ஒரே வித்தியாசம் இதுதான்: கம்பிக்கு என்ன வேலை, எத்தனை அடி என்பதையெல்லாம் என் கை தீர்மானித்தது, கம்பியைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மேஸ்திரியும் என்னைக் கேட்கவில்லை.

வெடித்த முனையை அறுத்துப் போட்டுவிட்டு மிச்சக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சினேன். வாங்கிய அடியெல்லாம் அதிலிருந்து போய்விட்டது. கையாலேயே வளைக்க முடிந்தது. அந்தப் பையன் மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை.